ரேகன்ஸ்பர்க் மரச்செதுக்கில் நலம் பெற்றவர் யார்?

வடகரை எழுதியது:

மறுமலர்ச்சிக் கால அச்சுப் படங்களைப் பற்றி இங்கே நடந்த பேச்செல்லாம் இதுவரை ஜெர்மன் ஓவியர் ட்யூரரையே சுற்றி வந்திருக்கிறது. இம்முறை அவரைவிடப் பெயர் குறைந்த ஒருவரின் படத்தை எடுத்துக்கொள்வோம். மிகாயேல் ஓஸ்டென்டோர்ஃபர் என்ற ஓவியர், 1520ஆம் ஆண்டையொட்டி, பவேரியப் பகுதியில் டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள ரேகன்ஸ்பர்க் நகரில் உருவாக்கிய மரச்செதுக்கு அது, அதாவது மரப்பலகையில் செதுக்கித் தாளில் அச்சிட்ட படம். 'அழகிய மரியா' என்ற பெயரில் அங்கு வணங்கப்பட்ட இயேசுவின் தாயை நாடிவந்த திருப்பயணிகளைக் காட்டும் அந்தத் தாள் அரை மீட்டருக்கும் மேல் உயரம் கொண்டது.

படத்தின் நடுவில் மரப்பலகைகளால் அவசரமாக எழுப்பப்பட்ட ஒரு சிற்றாலயம் நிற்கிறது. அதன் வாசலுக்குள் மக்கள் வரிசையாகச் செல்கிறார்கள். சிலர் பெரிய மெழுகுதிரிகளைச் சுமந்து வருகிறார்கள். ஆலயத்தின் முன்னால் ஒரு தூணும், அதன் உச்சியில் குழந்தையை ஏந்திய மரியாவின் சுரூபமும் இருக்கின்றன. பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது அந்தத் தூணின் அடியில்தான். வரிசையின் ஒழுங்கு அங்கே குலைந்துபோகிறது. சிலர் முழந்தாளிட்டிருக்கிறார்கள், சிலர் கைகளை விரித்துத் தரையில் விழுந்து கிடக்கிறார்கள், சிலர் தூணையே பற்றிக்கொள்ள முயல்கிறார்கள்.

இந்தத் திருத்தலத்தின் பெயரே நோய் தீர்க்கும் புதுமைகளால், அதாவது அற்புதங்களால், பரவியது. அப்படியிருக்க, தரையில் கிடப்பவர்கள் யார்? குணம் வேண்டி வந்த நோயாளிகளா, அருள் வந்து ஆடி விழுந்தவர்களா, அல்லது ஏற்கெனவே குணமாகி நன்றி சொல்ல வந்தவர்களா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள்.

நாடிபார்ப்பவர் எழுதியது:

வடகரை ஐயா, ஓய்வுபெற்ற மருத்துவன் என்பதால் முதலில் என்னைத்தான் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். 500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மரக்கட்டையின் கோடுகளைப் பார்த்து 'இவருக்கு வலிப்பு, அவருக்கு வாதம்' என்று சொல்லும் கட்டுரைகள் இணையத்தில் நிறைய உண்டு. அந்த வேலையை நான் செய்யப்போவதில்லை. ஆனால் இந்தப் படத்தில் நோய் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்பதை அதே காலத்துப் பிற படங்களோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

அக்காலத்துச் செதுக்கு ஓவியர்கள் நோயை அடையாளம் காட்டுவதில் சற்றும் தயங்காதவர்கள். 1496இல் நூரம்பர்க் நகர மருத்துவர் உல்சேனியுஸின் செய்யுளோடு வெளியான தாளில், உடம்பெங்கும் கொப்புளங்களோடு ஒரு மனிதர் கைகளை விரித்து நிற்கிறார். அது அப்போது புதிதாகப் பரவிய, நாம் இன்று சிபிலிஸ் என்று சொல்லும் நோய். படத்தை ட்யூரருடையது என்று கருதுகிறார்கள். அதே ஆண்டில் கவிஞர் செபாஸ்டியன் பிரான்ட்டின் செய்யுளோடு வந்த வேறொரு தாளில், அன்னையின் மடியிலிருக்கும் குழந்தை இயேசுவிடமிருந்து கதிர்கள் பாய்ந்து, புண்களோடு தரையில் இருப்பவர்கள் மீது விழுகின்றன. அந்தக் கதிர்கள் தண்டனையா மருந்தா என்பது தனி விவாதம். கொள்ளைநோய்க்குப் பாதுகாவலரான புனித ரோக் படங்களில் தொடையில் கொள்ளைநோய்க் கட்டி தவறாமல் இருக்கும். ஸ்ட்ராஸ்பர்க் அறுவை மருத்துவர் கெர்ஸ்டோர்ஃபின் நூலோடு சேர்ந்து அறியப்படும் மரச்செதுக்கில், வனத்து அந்தோணியார் என்ற புனிதர் முன் நிற்கும் நோயாளியின் கையிலிருந்து தீ எழும்புகிறது. கோதுமைக்கு இனமான ரை என்ற தானியத்தின் கதிரில் பற்றும் ஒரு பூஞ்சை, ரொட்டி வழியே உடலுக்குள் சென்று இரத்த நாளங்களைச் சுருக்கிக் கைகால்களைக் கருகச் செய்யும் நோய்தான் 'அந்தோணியார் தீ'. அதை அந்த ஓவியர் ஒரே தீநாக்கில் சொல்லிவிட்டார்.

ஓஸ்டென்டோர்ஃபரிடம் இந்த அடையாளங்களில் ஒன்றும் முன்னுக்கு வரவில்லை. கொப்புளம் இல்லை, கட்டி இல்லை, தீ இல்லை, வானத்திலிருந்து இறங்கும் கதிரும் இல்லை. அவர் வரைந்தது நோயின் பெயரை அல்ல, விழுந்த உடல்களை. நோயாளியா பக்தரா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அவர் விட்டிருப்பது வேண்டுமென்றே என்பதே என் எண்ணம்.

உளிமுனை எழுதியது:

மரத்தில் செதுக்குகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். இப்படிப்பட்ட பெரிய தாளில் ஓவியர் பலகையின் மீது வரைவார். அந்தக் கோடுகளை மட்டும் மேடாக நிற்கவிட்டு, இடையிலுள்ள மரத்தை எடுத்துவிடுவது பெரும்பாலும் வேறொரு தொழிலாளியின் வேலை. பேரிக்காய் மரம் போன்ற இழை நெருங்கிய பலகையில்தான் இவ்வளவு மெல்லிய கோடு நிற்கும். தாளில் நாம் காணும் வெள்ளை ஒவ்வொன்றும் கத்தியும் உளியும் போய் வந்த இடம். எனவே கூட்டத்தைக் காட்டுவது மிகவும் கூலி பிடிக்கும் வேலை. தூரத்துத் தலைகளைச் சிறு வளைவுகளாக அடுக்கிவிட்டுப் போவதே வழக்கம், இங்கும் வரிசையில் நிற்பவர்கள் அப்படித்தான் குறுகிப்போகிறார்கள்.

ஆனால் தூணடியில் கிடப்பவர்களைப் பாருங்கள். ஆடை மடிப்பு, விரித்த கை, திரும்பிய முகம் என்று ஒவ்வோர் உடலுக்கும் தனி அமைப்பு தரப்பட்டிருக்கிறது. இந்தத் தாளை வாங்குபவர் அங்கேதான் நின்று பார்ப்பார் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள். மருத்துவர் ஐயா சொன்ன 'வேண்டுமென்றே' என்பதை நானும் ஏற்கிறேன், ஆனால் காரணம் வேறாக இருக்கலாம்: சுவரில் ஒட்டிவைக்க வாங்கும் திருப்பயணிக்கு, கொப்புளத்தைவிடப் பக்தியின் உச்சம் பிடித்திருக்கும்.

கல்வெட்டாளன் எழுதியது:

தூணடியையே எல்லோரும் பார்க்கிறீர்கள். ஆலயத்துக்குப் பின்னால் இடிந்து நிற்கும் சுவர்களைப் பற்றி இதுவரை யாரும் ஒரு சொல் எழுதவில்லை. அவை அழகுக்காக வரையப்பட்ட பழம் இடிபாடுகள் அல்ல. படம் வருவதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்புவரை மக்கள் குடியிருந்த யூதர் தெரு அது.

புனித ரோமப் பேரரசர் மாக்சிமிலியன் 1519 ஜனவரி 12 அன்று இறந்தார். யூதர்கள் பேரரசரின் நேரடிப் பாதுகாப்பில் இருந்தவர்கள். அடுத்த பேரரசர் தேர்ந்தெடுக்கப்பட ஜூன் மாத இறுதிவரை ஆயிற்று. இந்த இடைவெளியை நகர மன்றம் பயன்படுத்திக்கொண்டது. பிப்ரவரி 21 அன்று, யூதர்களின் தொழுகைக் கூடத்தைக் காலிசெய்ய இரண்டு மணி நேரமும் நகரைவிட்டு வெளியேற ஐந்து நாளும் கெடு விதித்தார்கள். நூற்றாண்டுகளாக அங்கு வாழ்ந்த, ஏறத்தாழ 500 பேர் கொண்ட ஒரு சமூகம் கடுங்குளிரில் வெளியே தள்ளப்பட்டது. கல்லறைத் தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. எபிரேய எழுத்துள்ள கல்லறைக் கற்களை வெற்றிச் சின்னம்போல வீட்டுச் சுவர்களில் பதித்துக்கொண்டார்கள். பல ஆண்டுகளாக யூதர்களுக்கு எதிராகப் பிரசங்கித்து இதற்குத் தூபம் போட்டவர் பேராலயப் போதகர் பால்தசார் ஹுப்மாயர்.

இனி நம் தலைப்புக்கு வருகிறேன். இந்தத் திருத்தலத்தின் முதல் 'நலம் பெற்றவர்' யாகோப் கெர்ன் என்ற கல்தச்சர். தொழுகைக் கூடத்தை இடிக்கும்போது படுகாயமடைந்து, பிழைக்கமாட்டார் என்று வீட்டுக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர், மறுநாளே எழுந்து வந்தார் என்று அறிவித்தார்கள். மரியா தம் ஆலயத்தை அந்த இடத்தில் விரும்புகிறார் என்பதற்கு அதுவே சான்றாக்கப்பட்டது. மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, மரச் சிற்றாலயம் திறந்தாயிற்று. தொழுகைக் கூடம் இடிபடத் தொடங்கி ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

ஆகவே வடகரை கேட்ட கேள்விக்கு என் விடை இது. இந்தப் படத்தில் நலம் பெற்றவர், பக்கத்து வீட்டாரின் கூரையை இடித்தபோது அடிபட்டவர். மற்றவர்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

ஆரோக்கியம் எழுதியது:

நண்பர் கல்வெட்டாளன் சொன்ன நிகழ்ச்சிகளில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. கத்தோலிக்கப் பெண் என்ற முறையில் அவற்றைப் படிக்கும்போது தலை குனிகிறது. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தூணடியில் கிடப்பவர்களுக்கு நியாயம் செய்யவில்லை. நகர மன்றத்தாரும் போதகரும் என்ன கணக்குப் போட்டார்கள் என்பது ஒன்று. நடந்தே வந்து சேர்ந்த கிராமத்துப் பெண் எதற்காக வந்தாள் என்பது வேறு.

ஆலயத்தின் வெளிப்புறத்தைக் கூர்ந்து பாருங்கள். அங்கே வேளாண் கருவிகள் தொங்குகின்றன. வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையிலிருந்த கருவியோடு அப்படியே புறப்பட்டு ஓடிவந்தார்கள் என்று அக்காலத்து எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் செபாஸ்டியன் ஃபிராங்க் போன்றவர்கள் இந்தத் திருப்பயணத்தைச் சற்றும் விரும்பாதவர்கள். வீட்டில் சொல்லிக்கொள்ளாமலும் உணவு எடுத்துக்கொள்ளாமலும் வந்த கூட்டம் அது. நகர மன்றத் தீர்மானத்தால் யாரும் அரிவாளோடு ஓடிவருவதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. இத்தகைய திருத்தலங்களில் நடந்த புதுமைகளைத் தொகுத்து அச்சிட்ட சிறுநூல்கள் அக்காலத்தில் பரவலாக விற்றன. ரேகன்ஸ்பர்க்கிலும் அப்படி நூல்கள் வெளிவந்தன. அவற்றில் வழக்கமாகக் காணும் அமைப்பு ஒன்றுதான். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாருக்கு இன்ன நோய், மருத்துவம் பலிக்கவில்லை, அவர் அல்லது அவர் வீட்டார் மரியாவுக்கு நேர்ந்துகொண்டார்கள், நோய் தணிந்தது, பிறகு நேர்த்திக்கடனைச் செலுத்தத் திருத்தலத்துக்கு வந்து சாட்சி சொன்னார்கள். அதாவது அந்தக் காலத்து எண்ணப்படி, குணம் பெரும்பாலும் வீட்டிலேயே, நேர்ந்துகொண்ட நேரத்திலேயே கிடைத்துவிடும். பயணம் அதற்குப் பிந்தியது. கெர்ன் குணமானதும் வீட்டில்தான். மெழுகுதிரி சுமந்து வரிசையில் நிற்பவர்களில் பலர் நோய் நீங்கியவர்கள் என்றே கொள்ள வேண்டும். கடனை அடைக்கப் போகிறவர்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்கள். இன்னும் கிடைக்காதவர்கள் தூணடியில் விழுகிறார்கள் என்று இந்தப் படத்தைப் படிக்கலாம் அல்லவா?

நாடிபார்ப்பவர் எழுதியது:

ஆரோக்கியம் அம்மா சொன்ன வரிசையும் குவியலும் என்ற பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மருத்துவக் குறிப்பை மட்டும் சேர்க்கிறேன். வீட்டில் நேர்ந்துகொண்டு, குணமான பிறகு வந்து சாட்சி சொல்வது என்ற ஏற்பாட்டில், குணமாகாதவர்கள் பதிவேட்டுக்குள் வருவதே இல்லை. காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, பிள்ளைகளின் வலிப்பு போன்றவற்றில் பல தாமாகவே அடங்கக்கூடியவை. நேர்ந்துகொண்டும் இறந்துபோனவரின் வீட்டார் மெழுகுதிரியோடு நடந்து வரப்போவதில்லை. சிறுநூலில் உள்ள ஒவ்வொருவரும் உண்மையையே சொல்லியிருந்தாலும், சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் கணக்கு ஒருபக்கக் கணக்குத்தான்.

இதைச் சொல்வதால் திருத்தலங்கள் எல்லாம் வெறும் நம்பிக்கையில் ஓடின என்று பொருள் கொள்ள வேண்டாம். வனத்து அந்தோணியார் பெயரில் இயங்கிய சபையினர் மருத்துவ இல்லங்கள் நடத்தினார்கள். நோயாளிக்கு நல்ல தானியத்தில் செய்த ரொட்டி கிடைத்தது. நச்சுப் பூஞ்சை கலந்த ரொட்டியை நிறுத்தினாலே 'தீ' தணிய வாய்ப்புண்டு என்பதால், அங்கு நடந்த குணப்படுத்தலுக்கு உடலியல் காரணமும் இருந்தது. க்ரூனெவால்ட் ஈஸன்ஹைம் பலிபீட ஓவியங்களை வரைந்தது அப்படியோர் இல்லத்துக்காகத்தான். ரேகன்ஸ்பர்க்கின் தூணடியிலோ படுக்கையும் இல்லை, மருத்துவரும் இல்லை.

வடகரை எழுதியது:

விவாதம் நான் நினைத்ததைவிட நன்றாகவே போகிறது. இந்தத் தாளின் மிகப் புகழ்பெற்ற பிரதியைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். அது ஜெர்மனியின் கோபர்க் கோட்டைக் கலைத் தொகுப்பில் இருக்கிறது. அதன் உடைமையாளராக இருந்தவர் ட்யூரர். 1523இல் அவர் தம் கையாலேயே அதில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். ரேகன்ஸ்பர்க்கில் எழுந்த இந்தப் பேய்த்தோற்றம் வேதாகமத்துக்கு மாறானது என்றும், உலக ஆதாயத்துக்காக ஆயர் (பிஷப்) இதை நிறுத்தாமல் அனுமதித்தார் என்றும், இறைவனின் மதிப்புமிக்க தாயை இப்படி இழிவுபடுத்தாதபடி கடவுள் நமக்குத் துணைபுரிய வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்.

இதை எழுதியவர் மரியா பக்தியை ஏளனம் செய்தவர் அல்லர். 1511இல் மரியாவின் வாழ்க்கையை மரச்செதுக்குத் தொடராக நூலாக்கியவர். நோயை அறியாதவரும் அல்லர். தம் வெற்றுடம்பை வரைந்து, விலாவுக்குக் கீழே மஞ்சள் வட்டமிட்டு, விரலால் சுட்டிக்காட்டி, 'இங்கேதான் வலிக்கிறது' என்று எழுதிய சிறு ஓவியம் ஒன்று அவருடையது. வலிக்கும் இடத்தை அத்தனை துல்லியமாகக் காட்டத் தெரிந்த ஒருவருக்கு, எங்கே வலிக்கிறது என்றே காட்டாமல் தரையில் புரளும் இந்தக் கூட்டம் அருவருப்பைத் தந்திருப்பதில் வியப்பில்லை.

கல்வெட்டாளன் எழுதியது:

'உலக ஆதாயம்' என்று ட்யூரர் எழுதியது வெறும் கோபப் பேச்சு அல்ல என்பதைத் திருப்பயண முத்திரைகளின் கணக்கே காட்டும். தொப்பியிலோ மேலாடையிலோ குத்திக்கொள்ளும் அந்தச் சிறு வில்லைகள் 1520ஆம் ஆண்டில் மட்டும் ஈயத்தில் 1,09,198, வெள்ளியில் 9,763 விற்றதாகக் கணக்கு இருக்கிறது. திருத்தந்தை பத்தாம் லியோ வருகிறவர்களுக்கு, பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் ஞானப் பலன் அளித்தார். காணிக்கை யாருக்கு என்பதில் நகர மன்றத்துக்கும் ஆயர் தரப்புக்கும் தகராறு நடந்தது. 1520இல் திருச்சபைச் சீர்திருத்தவாதி லூதர், இடித்துத் தரைமட்டமாக்கப்பட வேண்டிய திருத்தலங்களின் பட்டியலில் ரேகன்ஸ்பர்க்கையும் சேர்த்தார்.

கலைஞர்களும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. நகரின் முதன்மை ஓவியரான ஆல்ட்டோர்ஃபர், நகர மன்ற உறுப்பினராகவும் இருந்தார். வெளியேற்றச் செய்தியை யூதர்களிடம் கொண்டுசென்ற குழுவில் அவரும் ஒருவர். இடிபடும் முன் தொழுகைக் கூடத்தின் உட்புறத்தையும் முன்மண்டபத்தையும் அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டுப் படங்களாக வரைந்துவைத்தவர் அவரே. 'கடவுளின் நீதியான தீர்ப்பால் அடியோடு அழிக்கப்பட்டது' என்று அதில் எழுதியும் வைத்தார். அதே கை பல கட்டைகளைக் கொண்டு வண்ணத்தில் அச்சிட்ட அழகிய மரியாவின் படம், மறுமலர்ச்சிக் கால வண்ண அச்சின் உச்சங்களில் ஒன்று. அந்த அழகை மறுக்க என்னால் முடியவில்லை, அதனாலேயே எரிச்சலாகவும் இருக்கிறது.

ஆரோக்கியம் எழுதியது:

ட்யூரரின் குறிப்பைப் படித்தபின் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அவர் வேதாகமத்தைப் பேசுகிறார், ஆயரைப் பேசுகிறார், மரியாவின் மதிப்பைப் பேசுகிறார். பின்னால் இடிந்து கிடக்கும் வீடுகளைப் பற்றி அவர் எழுதவில்லையே. கண்டித்தவரின் கண்ணிலும் அது படவில்லை. நான் தூணடியில் கிடப்பவர்களின் பக்கம் நிற்கிறேன். ஆனால் இந்தப் படத்தில் வரையப்படாத நோயாளிகளும் உண்டு. பிப்ரவரிக் குளிரில் வெளியேற்றப்பட்டவர்களில் முதியவர்களும் பிள்ளை பெற்ற பெண்களும் இருந்திருப்பார்கள் அல்லவா?

உளிமுனை எழுதியது:

இதில் ஓஸ்டென்டோர்ஃபர் எங்கே நின்றார் என்பதுதான் எனக்கு எஞ்சியிருக்கும் கேள்வி. ட்யூரரின் குறிப்பை வைத்துக்கொண்டு, இந்தப் படமே கேலிப்படம் என்று சிலர் சொல்வதைப் படித்திருக்கிறேன். அதை ஏற்க முடியவில்லை. மரச் சிற்றாலயத்துக்குப் பதிலாக எழுப்பவிருந்த கற்கோவிலுக்கு ஆக்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஹீபர் ஒரு மர மாதிரி செய்தார். அந்தக் கோவிலின் தோற்றத்தையும் ஓஸ்டென்டோர்ஃபரே மரச்செதுக்காக வெளியிட்டார். ஒரு தாள் நடக்கின்ற திருப்பயணத்தையும் இன்னொரு தாள் வரப்போகும் கோவிலையும் காட்டுகின்றன. இரண்டும் திருத்தலத்தின் பெயரைப் பரப்பச் செய்தவை என்று கொள்வதே இயல்பு. தூணடியில் புரள்பவர்களை அவர் வரைந்தது, 'பாருங்கள், இவ்வளவு வல்லமை இங்கே' என்று காட்டவே.

கூட்டம் சில ஆண்டுகளில் வற்றிப்போனது. 1520களின் நடுப்பகுதிக்குள் திருப்பயணம் ஏறக்குறைய நின்றுவிட்டது. கோவிலும் ஹீபரின் திட்டப்படி முழுதாக எழவில்லை. தூபம் போட்ட ஹுப்மாயர் பிற்பாடு, வயது வந்தவர்களுக்கே திருமுழுக்கு என்ற மறுதிருமுழுக்கு இயக்கத்தில் சேர்ந்து, 1528 மார்ச் 10 அன்று வியன்னாவில் எரித்துக் கொல்லப்பட்டார். 1542இல் நகரம் லூதரின் வழிக்கு மாறியபோது, பாதியில் நின்ற அந்தக் கோவிலே சீர்திருத்தச் சபையின் ஆலயமாயிற்று. 1550களில் அதற்குப் புதிய பலிபீட ஓவியம் தேவைப்பட்டபோது வரைந்தவர் யார் தெரியுமா? அதே ஓஸ்டென்டோர்ஃபர். புதுமை நாடிவந்த கூட்டத்தை வரைந்த அதே இடத்துக்கு, முப்பது ஆண்டு கழித்து, போதனையையும் பாவ அறிக்கையையும் திருவிருந்தையும் முன்னிறுத்தும் படங்களை வரைந்து கொடுத்தார். அவருக்கு நம்பிக்கை மாறியதா, வேலை கொடுப்பவர் மாறினாரா என்று பிரிக்கத் தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பட்டறை வைத்துப் பிழைத்தவர்களுக்கு இரண்டும் கலந்தே வரும்.

கல்வெட்டாளன் எழுதியது:

அந்த இடத்தின் பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். இன்று அது நொய்ஃபார்பிளாட்ஸ் என்னும் சதுக்கம். 1995 முதல் 1998 வரை நடந்த அகழாய்வில் யூதர் தெருவின் நிலவறைகளும் தொழுகைக் கூடத்தின் அடித்தளமும் வெளிப்பட்டன. மண்ணுக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்த 624 பொற்காசுகளும் கிடைத்தன. இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான், தொழுகைக் கூடத்தின் தரை அமைப்பை வெள்ளைக் கான்கிரீட்டில் தாழ்ந்த புடைப்பாக அமைத்தார். 2005இல் திறக்கப்பட்ட அதன்மீது மக்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆரோக்கியம் அம்மா கேட்டதற்கு இதுவே பதில் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓஸ்டென்டோர்ஃபரின் படத்தை இனி யார் அச்சிட்டாலும், பின்னணியை வெட்டிவிட்டுத் தூணை மட்டும் பெரிதாக்கிப் போடக் கூடாது. பல நூல்களில் அப்படித்தான் போடுகிறார்கள்.

வடகரை எழுதியது:

கல்வெட்டாளன் சொன்னபடி முழுப் படத்தையே இழையின் தலைப்பில் இணைத்துவிடுகிறேன். ஆரோக்கியம் அம்மாவின் வாசிப்பில் ஒரு சிறு மாறுபாடு மட்டும் எனக்கு உண்டு: தூணடியில் கிடப்பவர்களில் சிலர் வரிசையிலிருந்து பிரிந்து வந்தவர்களைப் போலவே உடுத்தியிருக்கிறார்கள், கடன் அடைக்க வந்தவரும் சுரூபத்தைக் கண்டதும் நிலைகுலைந்து விழலாம். 1496ஆம் ஆண்டின் இரண்டு தாள்களையும் மருத்துவர் ஐயா தனி இழையாகத் தொடங்கினால், அந்தக் கதிர்கள் தண்டனையா மருந்தா என்ற சண்டையை அங்கே போடலாம்.